மூச்சோடு நின்ற பதினோரு பாட்டு

செயின்ட் லூயிஸில் அந்தத் தெருப் பெண்கள் எல்லாருக்கும் முடி நேராக்கிவிட்டவள் வெர்லீன் டார்ப்லி. காய்ச்சிய இரும்புச் சீப்பு அவள் கையில் இருந்தால் காது சுடாது, அவள் வாய்தான் சுடும் என்பார்கள்.

அவள் புருஷன் லூசியஸ் செருப்புத் தொழிற்சாலையில் தோல் வெட்டினான். பியானோ முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. திங்கட்கிழமை வெர்லீனின் முடி அலங்காரக் கடைக்கு விடுமுறை. காலை ஷிப்ட் முடிந்து லூசியஸ் வந்ததும் முன்னறையில் ப்ளூஸ் தொடங்கிவிடும். கித்தாரோடு ஹோசியா வருவான். பாட, சலவைக் கடையில் வேலை பார்த்த ஓசெல்லா கிரம்ப் வருவாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் வெர்லீன் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினாள். புருஷன் வாசிப்பு காற்றோடு போகக் கூடாது என்ற ஆசைதான். அடுப்பில் கெளுத்தி மீனைப் போட்டுவிட்டு வந்து மெஷின் பக்கத்தில் உட்காருவாள்.

அங்கே உட்கார்ந்த பிறகுதான் அவள் கண்ணில் அது பட்டது. வாசிக்கும்போது லூசியஸ் கட்டைகளைப் பார்ப்பதில்லை. ஓசெல்லாவின் வாயைப் பார்த்தான். அவள் எப்போது மூச்செடுப்பாள், எப்போது தொடங்குவாள் என்று இமை கொட்டாமல் பார்த்தான். சாப்பாட்டு மேஜையில் வெர்லீன் எதிரே உட்காரும்போது அதே கண்கள் தட்டைவிட்டு எழும்பாது.

அடுத்த திங்கள் அதே டேப்பின் மேலேயே பதிவு செய்தாள். ஓசெல்லா பாட வாய் திறந்த நொடியில் வெர்லீனின் கட்டைவிரல் பொத்தானை அமுக்கியது. டேப் நின்றது. பாட்டு முடிந்ததும் மறுபடி ஓடியது.

போட்டுக் கேட்டபோது ஹோசியா, “இது என்ன, ஓசெல்லா பாட்டக் காணோம்?” என்றான்.

“மெஷினுக்கு அவ குரல் தாங்கலையோ என்னவோ,” என்றாள் வெர்லீன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஓசெல்லா சிரிக்கவில்லை. அவள் வெர்லீனின் கட்டைவிரலைப் பார்த்தாள்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு திங்கட்கிழமை ஓசெல்லா வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. ஹோசியா சிகாகோவுக்குப் போனான். எழுபத்தொன்றில் லூசியஸ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். வெர்லீன் தொப்பிப் பெட்டி ஒன்றில் டேப்புகளை அடுக்கி மூடிவைத்தாள்.

பதினேழு வருஷம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து மிஸ் ப்ரூயிட் என்ற இளம்பெண் வந்தாள். பழைய இசைப்பதிவுகளைச் சேகரிப்பது அவள் வேலை. டேப்புகளை வாங்கிப்போனவள் ஒரு மாதத்தில் திரும்பி வந்தாள்.

“மிஸ் வெர்லீன், முப்பது பாட்டு இருக்கு. ஒவ்வொண்ணும் தங்கம். ஆனா இன்னும் பதினொண்ணு ஆரம்பத்திலேயே நின்னுபோகுது. எல்லாம் ஒரே மாதிரி. பியானோ நாலு சுத்து வருது, யாரோ ஒரு பொம்பள மூச்ச இழுக்குறாங்க, அவ்வளவுதான். யாருங்க அது?”

“தெரியாது,” என்றாள் வெர்லீன். “அக்கம்பக்கத்துல யாராவது இருக்கும்.”

அந்தப் பதினோரு துண்டுகளையும் சேர்த்தே இசைத்தட்டு வெளிவந்தது. அட்டையில் லூசியஸ் பெயர், ஹோசியா பெயர். பதிவு செய்தது வெர்லீன் டார்ப்லி என்றும் இருந்தது. தேவாலயத்தில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். ஓசெல்லாவும் அதே தேவாலயம்தான், மூன்று வரிசை பின்னால். அவள் மட்டும் எழுந்து வரவில்லை.

அந்த வாரமே வெர்லீன் ஒரு இசைத்தட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. பெருமை அடிக்கவா, மன்னிப்புக் கேட்கவா?

ஓசெல்லா கதவைப் பாதிதான் திறந்தாள். “வாங்க சிஸ்டர் டார்ப்லி. நான் மூச்சு இழுத்தத இசைத்தட்டுல கேட்டேன். நல்லா வந்திருக்கு.”

“உனக்குத் தெரியுமா?”

“உன் விரல நான் பாக்கலன்னு நெனச்சியா? என் பேத்திங்ககிட்ட நான் பாடுனேன்னு சொன்னா, ‘பாட்டி அளக்குது’ன்னு சிரிக்குதுங்க. காட்டுறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? நாலு சுத்து பியானோவும் ஒரு மூச்சும்.”

“அவர் உன்னப் பாத்த பார்வைய நானும் பாத்தேன் ஓசெல்லா. வேற என்ன செய்யச் சொல்ற?”

“கேட்டிருக்கலாம்ல? முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவ என்கிட்ட கேட்டிருக்கலாம்.”

வெர்லீன் கதவில் கைவைத்தாள். “இப்பக் கேக்குறேன். உனக்கும் அவருக்கும் ஏதாவது இருந்துச்சா?”

ஓசெல்லா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அன்னிக்குக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்பச் சொல்ல மாட்டேன் போ. என் குரல நீ எடுத்துக்கிட்ட. இது என்கிட்டயே இருக்கட்டும்.”

கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் வெர்லீன் மிஸ் ப்ரூயிட்டுக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இரண்டாம் பதிப்பின் அட்டையில் பாடகி ஓசெல்லா கிரம்ப் என்று அச்சானது. அவள் பாட்டு இல்லாமல் போனது பதிவு செய்தவர் வேண்டுமென்றே மெஷினை நிறுத்தியதால் என்றும் இருந்தது. அப்படியே போடச் சொன்னது வெர்லீன்தான். தேவாலயத்துப் பெண்கள் படித்துவிட்டு வாயில் கைவைத்தார்கள். பழைய வாடிக்கைக்காரிகள் நாலு பேர் வேறு கடைக்கு மாறிவிட்டார்கள். அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை.

அவளால் விட முடியாதது ஒன்றே ஒன்று. கடை மூடிய மத்தியானங்களில் அந்தப் பதினோரு துண்டுகளையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். மூச்சுக்கு முன்னால் பியானோ கொஞ்சம் தயங்குகிறதா? பாடுகிறவளுக்காக எந்தப் பியானோக்காரனும் தயங்குவான் என்று ஒரு நாள் படும். இந்தத் தயக்கம் வேறு என்று மறுநாள் படும்.

ஓசெல்லா தொண்ணூறாம் வருஷ டிசம்பரில், அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்காமலே செத்துப்போனாள். துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு வெர்லீன் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கோழி வறுத்துக்கொண்டு போனாள். பேத்திகளில் மூத்தவள் அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, “நீங்கதான் அந்த மிஸ் வெர்லீனா?” என்று கேட்டாள்.

“நான்தான்.”

“பாட்டி நிஜமாவே நல்லாப் பாடுவாங்களா?”

அங்கே இருந்த கிழடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. வெர்லீனுக்குள் பழைய நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“அவளப் போல ஒருத்தி பாடி நான் கேட்டதில்ல,” என்றாள். “அதனாலதான் நிறுத்துனேன்.”