மஞ்சள் அட்டையில் தொங்கும் சாட்சி

ஞாயிறு காலை எட்டேகால் மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஓசூர் வண்டி ஏறினேன். நூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நூற்று முப்பத்தைந்து ரூபாய். ஆராதனைக்குப் போகிறவர்கள் வெள்ளை உடையும் பைபிளுமாக எதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாக நான் அந்தத் திசையில் நடப்பதில்லை.

போகிற காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் சேகர் என்று ஒருவர் இருக்கிறார். நான் மேடையில் சொன்ன ஒரு சாட்சியை நம்பி வலது காலை இழந்தவர். அவர் முகத்தைப் பார்க்கப் போகிறேன்.

எங்கள் சபைகளில் சாட்சி என்றால், கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று எல்லோர் முன்பும் சொல்வது. அம்மாப்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற எனக்கு வாய்தான் மூலதனம். ஒரு பெரிய கூட்டத்தில், “சர்க்கரை மாத்திரையைத் தூக்கி எறிஞ்சு மூணு வாரம் ஆச்சு, எனக்கு ஒரு குறையும் இல்லை” என்றேன். அன்றைக்கு அது உண்மைதான். கைதட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள். பத்தாம் நாள் கடையிலேயே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு ஊசியும் சேர்ந்துகொண்டது. போதகரிடம் போய், “ஐயா, சாட்சியைத் திருத்திச் சொல்லணும்” என்றேன். “மேடையில சொன்னதை மேடையிலயே விட்டுருங்க பிரதர். தேவநாமம் தூஷிக்கப்படும்” என்றார். நான் விட்டுவிட்டேன். வீடியோ விடவில்லை, செல்போன் செல்போனாக ஓடியது.

அதைப் பார்த்துத்தான் ஓசூரிலிருந்து லில்லி என்ற பெண் கூப்பிட்டாள். “அண்ணா, நீங்க மெய்யாலுமே மாத்திரை போடறதில்லையா? எங்க வீட்டுக்காரரு நிறுத்திட்டாரு, பயமா இருக்குது.” நான் சொன்ன பதில்: “விசுவாசிம்மா.” மூன்று மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத கட்டு. எழுத்து எதுவும் இல்லை. நான் பதில் போடவில்லை. சபையைத் திட்டினேன், போதகரைத் திட்டினேன், கடவுளையும் திட்டினேன். திட்டாமல் விட்ட ஆள் ஒருவன்தான்.

பத்து ஐம்பதுக்குக் கிருஷ்ணகிரி. இரண்டு இட்லியும் ஒரு வடையும் வாங்கி வந்து, இருக்கையில் உட்கார்ந்து மாத்திரையைப் பிரித்தேன். பக்கத்தில் தர்மபுரியில் ஏறிய கட்டட மேஸ்திரி ஒருவர்.

“சாப்புடறதுக்கு முன்னாடியா, பொறவா?”

“முன்னாடிங்க.”

“நானுந்தான். மறந்தா, ‘உன் சாவுக்கு லீவு போட எங்க கம்பெனில ஒத்துக்கமாட்டாங்கய்யா’ன்னு சொல்லுவா என் சம்சாரம்.”

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. கடையில் இத்தனை நாளும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றே விழுங்கி வந்திருக்கிறேன்.

சூளகிரியில் தக்காளிப் பெட்டிகள் ஏற்றிய வண்டிகள் வழி மறித்தன. ஓசூரில் இறங்கும்போது பன்னிரண்டே முக்கால். சாப்பிட்டுவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு வந்தேன். ஓட்டுநர் கன்னடத்தில் கேட்டார், தெலுங்கில் கேட்டார், கடைசியில் தமிழுக்கு வந்தார்.

“மத்திகிரில எங்க? மாட்டுப் பண்ணையா, லைன் வீடா?”

“லைன் வீடு. ஜெபக்கூட்டம் நடக்கற வீடு.”

“சேகரண்ணன் வீடா? முப்பது ரூவா, ஏறுங்க. நான் மாதேஸ்வரன் மலைக்கு மாலை போடறவன். ஆனா அந்தாளு கிட்ட மட்டும் அளந்து பேசுங்க. பொய் சொன்னா மூஞ்சி மேலயே ரிஜெக்ட் பண்ணுவாரு.”

வரிசையாக எட்டு வீடுகள். ஒரு வாசலில் மட்டும் செருப்புகளோடு செருப்பாக, கம்பெனியில் போடுகிற கனத்த ஷூக்களும் கிடந்தன. முந்தின நாளே போனில் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். லில்லி வாசலுக்கு வந்து, “உள்ள வாங்க” என்றாள். இந்த முறை அண்ணா என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பதினைந்து பேர். காலை ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்தவர்கள் சுவரில் சாய்ந்து தூக்கத்தை விரட்டிக்கொண்டிருந்தார்கள். சேகர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். செயற்கைக் கால் மூலையில் நின்றது. பாட்டு முடிந்ததும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“என்னைய பெர்மனென்ட் பண்ணப்போறதா சொல்லியிருக்காவ. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

“லெட்டர் கைக்கு வந்துச்சா தாயி?” என்றார் சேகர்.

“இன்னும் இல்லண்ணே.”

“ஹோல்டு.”

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினாள். சேகர் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். சந்தேகமான பாகத்தை அங்கே ‘ஹோல்டு’ என்று மஞ்சள் அட்டை மாட்டி ஒதுக்குவார்களாம். மறுபடி பார்க்கும்வரை அது நகராது. கால் போனபிறகு இந்த அறைக்கு அவர் போட்ட சட்டம் அது. எந்தச் சாட்சியும் மூன்று மாதம் தொங்க வேண்டும். அப்போதும் அதையே சொல்ல முடிந்தால் பச்சை அட்டை. சுவரில் மஞ்சள் நிறைய, பச்சை ஆறோ ஏழோ.

நான் எழுந்தேன். மேடை ஏறிப் பழகிய வாய் அன்று ஒத்துழைக்கவில்லை. இருந்தும் எல்லாவற்றையும் சொன்னேன். லில்லி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அன்னிக்கு நான் போன் பண்ணப்ப நீங்க மாத்திரை போட்டுட்டுதான் இருந்தீங்களா?”

“சட்டைப் பையிலயே இருந்துச்சும்மா.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“தேடி வந்திருக்காருண்ணா, மன்னிச்சுருங்க” என்றான் யூனிபார்ம்காரர்களில் ஒருவன்.

“நீ இருடா. உன் காலா போச்சு?” என்ற சேகர் என் பக்கம் திரும்பினார். “எனக்காக வந்தீங்களா, உங்களுக்காகவா?”

“எனக்காகத்தான்.”

“அது ஒண்ணு நெசம்.”

“இவ்வளவுக்கு அப்புறமும் எப்பிடிங்க நம்பறீங்க?” அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

“ஆறு மாசம் நம்பலை. பைபிளத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். ஆனா ஆஸ்பத்திரில கெடந்தப்ப, ஷிப்ட் முடிச்ச தூக்கக் கண்ணோட மாத்தி மாத்தி வந்து என் பீத்துணிய அலசுனது இங்க உக்காந்திருக்கற இதுங்கதான். ஒருத்தரும் ஜெபம் பண்ணா கால் முளைக்கும்னு சொல்லலை. கடவுள் எதைச் செஞ்சாரு, எதை நீங்க செஞ்சீங்கன்னு நானே தரம் பிரிச்சுக்கிட்டேன்.”

மஞ்சள் அட்டையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். ‘பொய் சொன்னேன், வருந்துகிறேன்’ என்று எழுதினேன்.

“இப்பவே மன்னிச்சேன்னு சொன்னா, அதுவும் நீங்க சொன்ன சாட்சி மாதிரிதான் ஆவும். தொங்கட்டும். அந்த வீடியோ இன்னும் ஓடிட்டுதான் இருக்குது. அதுக்கு என்ன பண்ணீங்கன்னு மூணு மாசம் கழிச்சு வந்து சொல்லுங்க. நானும் எனக்குள்ள என்ன இருக்குன்னு பாத்து வெக்கறேன்.”

லில்லி டீ கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசி டம்ளரை என் முன்னால் தரையில் வைத்தாள். “இதுல சக்கரை போடலை.” குடித்தேன். கசந்தது.

ஐந்தேகாலுக்குத் திரும்புகிற வண்டி. எங்கள் ஊர்ச் சபையில் மேடைக்கு முன்னால் மண்டியிட்டால் தலையில் கை வைத்து இரண்டு நிமிடத்தில் மன்னித்து அனுப்பிவிடுவார்கள். எத்தனையோ முறை அப்படி மன்னிக்கப்பட்டு, போனபடியே வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்று மன்னிக்கப்படாமல் வருகிறேன். ஆனால் ஓர் அறையில் என் கையெழுத்து ஆணியில் தொங்குகிறது. நான் வரவேண்டிய நாளை அங்கே சிலர் நினைவில் வைத்திருப்பார்கள். நம்பிக்கை என்பதற்கு இதைவிடப் பெரிய சொல் இப்போது என்னிடம் இல்லை.

கிருஷ்ணகிரியில் வண்டி நின்றதும், இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் செல்போனைக் கொடுத்தேன்.

“நான் மாத்திரை முழுங்கறதை ஒரு வீடியோ எடுங்க.”

“எதுக்குங்க இதையெல்லாம்?”

“ஒரு சாட்சி பாக்கியிருக்குது.”