ரிவர்ஸ் அக்காவின் பங்கு

ஜன்னல் திரையை ஒற்றை விரலால் விலக்கி, அக்கா வாசலில் வந்திருக்கும் விருந்தாளி வண்டியை எப்படி நிறுத்துகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே மூச்சில் பின்னால் வந்து ஓரமாக அடங்கினால் காபி சூடாக வரும். முன்னும் பின்னும் நாலு தடவை அசைந்தால், "ஊஞ்சல் ஆடுறாரு, ஆடட்டும்" என்று அடுப்பையே அணைத்துவிடுவாள். தம்பி மகளைப் பெண் பார்க்க வந்த பையன் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை இடித்தான்; சம்பந்தம் அங்கேயே முடிந்தது. "கண்ணாடியே பாக்காதவன், பொண்டாட்டி முகத்த எங்க பாக்கப் போறான்?"

தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. வயது அறுபதைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் முதல் நாள் முன்னால் போகச் சொல்லிக் கொடுப்பார்கள். இவள் முதல் மாதம் முழுக்கப் பின்னால்தான் போகவிடுவாள். "முன்னால போக வாத்தியார் எதுக்கு? ரோடே இழுத்துக்கிட்டுப் போயிடும்." அதனால் ஊருக்கே அவள் ரிவர்ஸ் அக்கா. அவளிடம் படித்தவர் ஒருவர் கடைத்தெருவுக்கும் பின்பக்கமாகவே போய்த் திரும்பினார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன்.

அக்காவுக்கு இரண்டு தம்பிகள். அப்பா விட்டுப்போன கட்டில் மெத்தைக் கடையைப் பாகம் பிரித்தபோது, பெரிய தம்பிக்குக் கட்டில், சின்னத் தம்பிக்கு மெத்தை. அன்றோடு பேச்சு நின்றது. இவன் மெத்தை அவன் கட்டிலில் பொருந்திவிடக் கூடாதென்று இருவரும் போட்டி போட்டு அளவை மாற்றியதில், ஊரில் பாதிப் பேர் இன்னமும் சரிவாகத்தான் தூங்குகிறார்கள்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "கடை, கட்டில் எதுவும் வேணாம். அந்தச் சிவப்பு வண்டிய மட்டும் எனக்குக் குடுங்க." அப்பாவின் பந்தயக் கார். கூரை கிடையாது, மூக்கு நீளம், சீட்டு இரண்டே. பிள்ளைகள் மூன்றானதும் அப்பா அதைக் கிடங்கில் நிறுத்தி, தார்ப்பாய் போர்த்தி, உடைந்த கட்டில்களை மேலே அடுக்கிவிட்டார். அதற்கு முன் அக்காவுக்கு அதில்தான் தலையணை போட்டு உட்காரவைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்.

பெரியவன் சொன்னான், "அவன் பக்கம் போயிடுச்சு, அவனைக் கேளு." சின்னவனும் அதையேதான் சொன்னான். முப்பது வருஷம். இரண்டில் ஒருவன் விற்றுத் தின்றுவிட்டான் என்று அக்காவுக்கு நிச்சயம். எவன் என்பதில்தான் சந்தேகம். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டே, எந்த வீட்டில் புது சோபா வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஒரு பல் டாக்டர் அவளிடம் படிக்க வந்தார். சின்னத் தம்பியின் கிடங்கு காலியாக இருந்த நேரம், உள்ளே ரிவர்ஸ் பயிற்சி. பிரேக் என்று நினைத்து வேறெதையோ மிதித்தார். சுவரில் ஜன்னல் அளவுக்கு ஓட்டை.

"நல்லாத்தான் பிடுங்கினீங்க டாக்டர்" என்று இறங்கிய அக்கா அப்படியே நின்றுவிட்டாள். செங்கல் தூசிக்குள்ளிருந்து, கிழிந்த தார்ப்பாய் வழியாக வட்டமான ஒரு விளக்கு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். கிடங்கையும் இரண்டாகப் பாகம் பிரித்தபோது ஒருவன் கட்டும் சுவரை மற்றவன் நம்பவில்லை. ஆளுக்கொரு கொத்தனார், ஆளுக்கொரு சுவர். நடுவில் கிடந்த உடைந்த கட்டில் குவியலைப் பார்த்து, அடியில் என்ன என்று தூக்கிப் பார்க்காமலே இருவரும் ஒரே உத்தரவைத்தான் போட்டிருக்கிறார்கள்: "அது அவன் குப்பை, விட்டுட்டு இந்தப் பக்கமாக் கட்டு." இரண்டு சுவருக்கும் நடுவே கார் சமாதியாகிவிட்டது.

தம்பிகள் ஓடி வந்தார்கள்.

"அப்ப நீ விக்கலையா?" என்றான் பெரியவன்.

"நீதான் வித்துட்டேன்னு என் சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லி வச்சிருக்கேனே!" என்றான் சின்னவன்.

இருவர் கண்ணும் கலங்கியது. கலங்கிய ஈரம் காய்வதற்குள், இடைவெளி யார் இடம் என்று சண்டை. ஆளுக்கொரு டேப்பை எடுத்து அளந்தார்கள். இரண்டு டேப்பும்கூட ஒத்துப்போகவில்லை.

"அளந்தது போதும்" என்றாள் அக்கா. "இஞ்சினைச் சரிபண்ணி நானே ஓட்டி வெளிய எடுக்கிறேன். ஒரு கீறல் விழுந்தா வித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கோங்க. விழலேன்னா வண்டி எனக்கு."

தம்பிகள் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ள மாட்டார்களா? கூரை இப்போது அந்த இரண்டு சுவர்களின் மேல்தான் உட்கார்ந்திருந்தது, இடிக்க முடியாது. பின்புறச் சுவரைத் திறந்து, அந்தச் சந்து வழியாகப் பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் உள்ளங்கை அகல இடம்கூட இல்லை.

மெக்கானிக் மூன்று மாதம் ஓட்டை வழியாகப் போய் வந்தார். சீட்டுக்குள் குடியிருந்த எலிக் குடும்பத்தை அக்கா தானே முன்னின்று காலி செய்துவைத்தாள். "முப்பது வருஷம் காவல் காத்ததுக்கு நன்றி. கிளம்புங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவளிடம் படித்தவர்கள் தெருவடைத்து நின்றார்கள். டாக்டர் மட்டும் எல்லோருக்கும் பின்னால். கதவு திறக்க இடமில்லாததால், அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து ஏறி, சீட்டில் இறங்கினாள்.

இஞ்சின் இருமியது. கனைத்தது. பிறகு போட்ட சத்தத்தில் மாடிப் புறாக்கள் அடுத்த ஊருக்குப் போனவை இன்னும் திரும்பவில்லை.

அக்கா உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். கார் நகர்ந்தது. சுவரில் துருத்திய செங்கல் ஒன்று கதவை முகர்ந்து பார்க்கும் தூரத்தில் வந்தது. அக்கா மூச்சுவிடவில்லை, தெருவும் விடவில்லை. கதவு தாண்டியது. முன்சக்கரம் தாண்டியது. கடைசியாக நீள மூக்கும் வெயிலுக்கு வந்ததும், தெரு போட்ட கூச்சலில் இஞ்சின் சத்தமே அமுங்கிவிட்டது.

தம்பிகள் பக்கத்துக்கொருவராகக் குனிந்து தேடினார்கள்.

"இதோ, கீறல்!" என்றான் பெரியவன்.

அக்கா விரலை நாக்கில் தொட்டு அந்த இடத்தில் ஒரு இழு இழுத்தாள். ஒட்டடை.

"எங்கப்பன் வண்டி, என் வண்டி" என்றாள். பிறகு, "ரெண்டு பேரும் ஏறுங்கடா."

"அக்கா, ரெண்டு சீட்டுதானே இருக்கு?" என்றான் சின்னவன்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு உங்களுக்கு."

இரண்டு கனத்த மனிதர்கள், ஒரு சீட்டு. ஒருவன் மேல் ஒருவன் படாமலிருக்க இருவரும் விறைத்து, ஒருவன் ரோட்டையும் மற்றவன் வானத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வண்டி தெருமுனைக்குப் போனது. அங்கே ஒரு வளைவு. அக்கா ஓரக்கண்ணால் தம்பிகளைப் பார்த்தாள். வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி, ஸ்டியரிங்கை ஒரே சுண்டாகச் சுண்டினாள். "ஐயோ" என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.