மாதனூரில் கொதித்த வண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே ஓடிய ஒரு பஸ்ஸுக்கு நான் டிரைவராக இருந்தேன். கண்டக்டர் வேலை, வண்டி கழுவுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் பார்த்தவன் என் மனைவியின் தம்பி. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன்னால் பத்து வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று தோல் புரட்டியவன். கை கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெடித்திருக்கும். சோற்றில் கை வைத்தால் எரிகிறது என்பான்.

ஒரு பொங்கல் சமயம் வீட்டுக்கு வந்தவன் என்னிடம் தனியாகச் சொன்னான். "மாமா, எப்படியாவது அந்த நாத்தத்துலருந்து என்ன வெளிய இட்டாந்துடு. உன் வண்டியில படிக்கட்டுல தொங்கினு வந்தாக்கூட போதும்."

பஸ் முதலாளியிடம் பேசி அவனைச் சேர்த்துவிட்டேன். காக்கிச் சட்டை தைத்துக்கொண்டான். இரண்டு விரலை வாயில் வைத்து அவன் விசில் அடித்தால்தான் வண்டி நகரும். என்னோடு வண்டியில் வந்த இரண்டு வருஷத்தில் அவன் முகம் வாடி நான் பார்த்ததில்லை. அவன் கண் போனது என்னால்தான். எப்படி என்பதை ஒளிக்காமல் எழுதிவிடத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தோல் ஷாப்புத் தண்ணீர் இறங்கி உப்பேறிப் போயிருந்தது. அந்தத் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது. உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். மூடியின் மரையில்கூட வெள்ளை வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். அதனால் என் மச்சான் விடியற்காலையில் பாலாற்று மணலில் ஊற்று தோண்டி, இரண்டு தகர டின்னில் நல்ல தண்ணீர் கொண்டுவருவான். ஒன்றை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, மற்றதை வண்டியிலேயே வைத்துக்கொள்வோம்.

ஊற்றுவது அவன் வேலை. பார்ப்பது என் வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் தூக்க வேண்டும். கைபிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். மேல்துண்டோ தொளதொளத்த சட்டைக் கையோ ஃபேன் பக்கம் போகக் கூடாது. மூடியைத் திறந்து விரலை விட்டால் முதல் கணுவுக்குள் தண்ணீர் தட்டுப்பட வேண்டும். கீழே இருக்கும் ரப்பர் குழாயைத் தடவி, ஈரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வழியில் கொதித்துவிட்டால் மூடியைத் தொடவே கூடாது. எஞ்சினை நிறுத்தி, கை பொறுக்கும் அளவுக்குச் சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஈரக் கோணியை மேலே போட்டு, ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருப்பி ஆவியை வெளியே விட வேண்டும். பச்சைத் தண்ணீரைச் சூடான எஞ்சினில் கொட்டினால் இரும்பு பிளந்துவிடும்.

இத்தனையும் எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு இடமில்லை.

கத்திரி வெயில் நாள். எங்களுக்கு முன்னால் வேறொரு பஸ் கிளம்பிவிட்டது. வழியில் நிற்கிற ஆளையெல்லாம் அது அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற அவசரம் எனக்கு.

"தண்ணி ஊத்திட்டேன் மாமா. நீ ஒரு தபா பாத்துடு" என்றான் மச்சான்.

"நீ ஊத்திட்டா சரி. ஹேண்டில அடி, கெளம்பலாம்" என்றேன்.

பானெட்டை நான் தூக்கவில்லை.

மாதனூர் தாண்டியதும் எஞ்சினிலிருந்து சூட்டு வாடை வந்தது. அடுத்த மைல் கல்லுக்குள் பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிவிட்டது. சாலையோரப் புளியமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கீழ்க் குழாயின் வாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய கசிவு. ரப்பரில் உப்புத் தடம் கோடாக இறங்கியிருந்தது. காலையில் ஒரு முறை கையை விட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு துணியைக் கிழித்துக் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

ஆட்கள் இறங்கி நிழலில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். குழந்தைக்குத் தொண்டை அடைப்பான். இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் ரம்பம் அறுப்பதுபோலக் கேட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள்.

"எவ்ளோ நேரம் ஆவும்ணே?" என்று கேட்டாள்.

"முக்கா மணியாவது ஆறணும்மா."

"முக்கா மணியா? ஐயோ, கொழந்த மூச்சப் பாருங்கண்ணே. அதுவரைக்கும் தாங்காதுண்ணே!"

மூடியைப் பார்த்தேன். அதன் விளிம்பில் ஆவி சீறிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் போயிருக்கும். முன் சீட்டில் வந்த தோல் வியாபாரி ஒருவர், குடையை ஊன்றிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒரு மூடி தொறக்கத் தெரியாதவன்லாம் இன்னாத்துக்குயா டிரைவரு? சும்மா பேஜார் பண்றானுங்க."

நாலு பேர் சிரித்தார்கள்.

குழந்தைக்காகத்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அது இல்லை. குழந்தையின் மூச்சு பத்து நிமிஷமாக என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு நான் அசையவில்லை. அந்தச் சிரிப்பு விழுந்ததும் அசைந்தேன்.

"தொற" என்றேன் மச்சானிடம்.

அவன் என்னைப் பார்த்தான். "இப்பவா மாமா? கொதிக்குதே."

"கோணி போட்டுத் தொற. நான் சொல்றேன்ல?"

அவன் கோணியை நனைத்து மூடியின் மேல் போட்டான். திருகினான். உப்பு பிடித்திருந்ததால் மூடி அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை முழுக்க அதன் மேல் சாய்த்து முறுக்கினான். 'தள்ளி நில்லு' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூடி ஒரேயடியாகக் கழன்றது.

கோணியோடு மூடி எங்கோ பறந்தது. கொதிநீர் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவன் அலறவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "மாமா, தண்ணி. தண்ணி ஊத்து மாமா" என்றான். சாதாரணமாகக் கேட்பது மாதிரிதான் கேட்டான்.

டின்னில் இருந்த ஊற்றுத் தண்ணீரில் பாதியை அவன் முகத்தில் ஊற்றினேன். கையை விலக்கச் சொன்னேன். விலக்கினான். அந்த முகத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அவனையும் குழந்தையையும் உடனே வேலூரில் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. மிச்சத் தண்ணீரை ரேடியேட்டரில் கொட்டினேன். எஞ்சினுக்குள் கல் உடைகிற சத்தம் கேட்டது. எஞ்சின் பிளாக் பிளந்து, பக்கவாட்டில் தண்ணீர் வழிந்தது. அந்த வண்டி அன்றைக்கு அங்கிருந்து நகரவே இல்லை.

சற்று நேரத்தில் ஆம்பூர்ப் பக்கமிருந்து தோல் கட்டு ஏற்றிய லாரி ஒன்று வந்தது. கை காட்டியதும் நின்றது. அந்த அம்மாவும் குழந்தையும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். மச்சானைத் தோல் கட்டுகளின் மேல் படுக்கவைத்து நானும் கூட ஏறினேன். மூடியைத் தொடாமல் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்த லாரி வந்திருக்கும். குழந்தையை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். வழியெல்லாம் எனக்கு அந்த ஒரு நினைப்புதான்.

ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். இரண்டு கண்ணையும் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் முதலாளி வந்தார். கட்டிலின் காலடியில் நின்று கேட்டார். "எவன்யா கொதிக்கிற வண்டியத் தொறந்தது?"

என் மனைவி தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள்.

"அவன்தாங்க. நான் வேணாம்னு சொன்னேன். கேக்கல" என்றேன்.

கண்ணில் கட்டோடு படுத்திருந்த மச்சானின் தலை என் குரல் வந்த பக்கம் மெதுவாகத் திரும்பியது. ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலாளி என்னை வேலையில் வைத்துக்கொண்டார். வேறு எஞ்சின் மாட்டி வண்டி ஓடியது. மச்சானுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் ஆள் அனுப்பி, வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அவன் எங்கள் வீட்டிலேயே இருந்தான். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று அவனே கேட்டு, பழைய தோல் ஷாப்புக்குத் திரும்பினான். உரித்த ஆட்டு மயிரைத் தடவிப் பார்த்து, நீளம் வேறு குட்டை வேறாகப் பிரிக்கிற வேலை. அதற்குக் கண் வேண்டியதில்லை. காலையில் நான் அவன் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, பஸ் எடுக்கப் போவேன். எந்த நாற்றத்திலிருந்து வெளியே கொண்டுவரச் சொன்னானோ, அதற்குள்ளேயே தினமும் என் கையால் கொண்டுபோய் விட்டேன். வாசலில் என் கையை விடும்போது, "பாத்து ஓட்டு மாமா" என்பான். குத்திச் சொன்னதில்லை. அப்படிச் சொல்லுகிற ஆளும் இல்லை அவன்.

என் மனைவி அவனுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போதெல்லாம் திட்டுவாள். "மாமா வேணாம்னு சொன்னா கேக்க மாட்டியாடா? அப்டி இன்னாடா அவசரம்? இன்னா திமிரு உனக்கு?" திட்டிக்கொண்டே அழுவாள். அவன் தலையைக் குனிந்து சாப்பிடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் சோற்றைச் சாப்பிடுவேன்.

இப்படி ஏழு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த அம்மா விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கூடவே அந்தக் குழந்தை. பிழைத்து, கன்னம் வைத்திருந்தது. மச்சானின் காலைத் தொட்டுக் கும்பிடச் சொல்லிக் குழந்தையை முன்னால் தள்ளினாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"உங்க வூட்டுக்காரரும் தெய்வம்தாம்மா. நான் கதறினதப் பாத்துட்டுத்தான் தொறன்னாரு. இந்தத் தம்பி, 'கொதிக்குதே மாமா'ன்னாரு. 'நான் சொல்றேன்ல, தொற'ன்னு உங்க வூட்டுக்காரருதாம்மா சொன்னாரு. எம் பொண்ணுக்காவதான் ரெண்டு பேரும் இப்டிப் பண்ணாங்க."

நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள். நான் சொன்ன பொய் அவளுக்குத் தெரியாது. என் மனைவி குழந்தையின் கையில் ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தாள். வாசல்வரை போய் அவர்களை அனுப்பிவிட்டு வந்து, தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நெசமாடா?"

"மாமா சொல்லலன்னாலும் நான் தொறந்திருப்பேன்க்கா. கொழந்த அப்டித் தவிச்சிது."

அது பொய். நான் சொல்லாமல் அவன் சூடான மூடியில் கை வைத்ததே கிடையாது.

"நான் அதக் கேக்கலடா" என்றாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினாள். அன்றுவரை என்னை 'நீங்க' என்றுதான் பேசுவாள். "ஏழு மாசமா அவன நான் வாயில வந்தபடி திட்டினேன். நீ பக்கத்துல உக்காந்து துன்னுனு இருந்த."

மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அதுவும் கேட்கவில்லை.

அந்த வாரத்திலேயே தம்பியை அழைத்துக்கொண்டு நெமிலிப் பக்கம் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. தடுத்துப் பேசவோ பஞ்சாயத்து வைக்கவோ யாரும் இல்லை. நானே அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டேன். மச்சான் படியில் கால் வைக்கத் தடவினான். பிடித்து ஏற்றினேன்.

ஒரு வருஷம் கழித்து ஒரு முறை போனேன். வீட்டிலிருந்து கிணற்றுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். மச்சான் அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் எடுத்துவந்துகொண்டிருந்தான். என் செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுகொண்டான்.

"வா மாமா. வண்டி எப்படி ஓடுது?"

"ஓடுது."

"அந்தக் கீழ்க் குழாய மாத்திட்டாங்களா? கசியும் அது. அன்னிக்கிக் காலைல நீ பாப்பன்னுதான் நான் வுட்டுட்டேன்."

அவனுக்குக் கசிவு முன்பே தெரிந்திருக்கிறது. நான் பார்த்துச் சரி செய்வேன் என்று நம்பியிருக்கிறான். அதைச் சொல்லும்போதும் அவன் குரலில் குறை இல்லை. எதிரில் நின்று அழுதேன். சத்தம் வராமல் அழுததால் அவனுக்குத் தெரிந்திருக்காது. மழையைப் பற்றி, வேர்க்கடலை விளைச்சலைப் பற்றி ஏதோ பேசினான். 'தப்பு என்னுதுடா' என்கிற இரண்டு வார்த்தைக்கு என் வாய் திறக்கவில்லை. என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஐப்பசியில் அவன் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். எனக்குச் செய்தி வந்து சேர மூன்று நாள் ஆனது. போனபோது எல்லாம் முடிந்திருந்தது. என் மனைவி வாசலில் உட்கார்ந்து அவன் காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வெயில் இறங்கும்வரை வாசலுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு சாலைக்கு நடந்தேன். அவளை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.