உள்சுவர் ஆள், வெளிச்சுவர் ஆள்

ஆம்பூர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் யாராவது கேட்டுவிடுகிறார்கள், "எந்த ஊரு?" என்று. வந்த புதிதில் நான் பெருமையாகவே பதில் சொன்னேன்: ரங்கூன். கேட்ட அம்மாள் சிரித்தாள். "அது உன் பேச்சுலயே தெரியுது கண்ணு. எந்த ஊருன்னு கேட்டேன்." ரங்கூனில் எந்தத் தெரு என்கிறாளோ என்று தெருவின் பெயரையும் சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, "இன்னாடி இது, படிச்ச பொண்ணுன்னாங்க!" என்றாள். குழாயடி முழுக்கச் சிரித்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தமிழிலும் இங்கிலீஷிலும் பரிசு வாங்கியவள். இரண்டே சொல் உள்ள ஒரு தமிழ்க் கேள்வி எனக்குப் புரியவில்லை என்பதை அவர்களிடம் காட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. "கேள்வியைச் சரியாகக் கேட்டால் சரியாகப் பதில் சொல்வேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டேன்.

ரங்கூனில் இன்னும் கப்பலுக்குக் காத்திருக்கும் நீங்கள், சொந்த ஊர் எப்படி இருக்கிறது என்று எழுதிக் கேட்கிறீர்கள். எங்களைத் திரும்பி வந்தவர்கள் என்கிறது இங்குள்ள அரசாங்கம். நான் அங்கே பிறந்தவள். ஒரு முறையும் பார்க்காத இடத்துக்கு ஒருத்தி எப்படித் திரும்ப முடியும்? நான் வந்தவள், அவ்வளவுதான். இங்கே என் அப்பா வீடுகளுக்கு வெள்ளையும் வண்ணமும் அடிக்கும் காண்ட்ராக்ட்டைத் தொடங்கி, வளர்த்து, இழந்ததை எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

அப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். முத்து காண்ட்ராக்டர். பதினாறு வயதில் கப்பல் ஏறி, கூலியாக ஏணி ஏறி, பிறகு ஏணியிலிருந்து இறங்கியவர். இறங்கிய வித்தை இதுதான்: சொந்தமாக ஆள் வைத்துக்கொள்ளாமல் வேலையைப் பிரித்து உள்காண்ட்ராக்ட் விடுவது. கதவு, ஜன்னல், வார்னிஷ் எல்லாம் கோ டின் என்ற பர்மாக்காரருக்கு. சுவர் தெலுங்கர்களுக்கு. தகரக் கூரை சிட்டகாங்கிலிருந்து வந்தவர்களுக்கு. அப்பா அளப்பார், வண்ணம் சொல்வார், முடிந்ததும் விரலால் தடவிப் பார்ப்பார். நான் எஸ்டிமேட் எழுதுவேன். ஒரே சமயத்தில் நான்கு வீடுகளில் வேலை நடக்கும். அப்பாவின் வெள்ளைச் சட்டையில் ஒரு புள்ளி விழாது. கோ டின் அவரை "சயா" என்று கூப்பிடுவார், அதாவது ஆசிரியர். கிளம்பும்போது ஏணிகளையும் பலகைகளையும் கோ டின்னிடம் விட்டுவிட்டு வந்தோம். ரங்கூன் தமிழர்களிடம் சாதி இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். கல்யாணப் பேச்சில் அது கிசுகிசுப்பாக வரும். ஆனால் அங்கே யாரும் அதை வைத்துச் சுவரைப் பிரித்ததில்லை.

அப்பாவுக்கு இந்த மண்ணில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மறுபடி கூலியாக ஏணி ஏறக்கூடாது. "பிரஷ்ஷைத் தொட்டேன்னா நான் போன வழியெல்லாம் வீணாப் போச்சுன்னு அர்த்தம்" என்பார். வந்த மறுவாரமே ஆள் தேடினார். முதலில் கிடைத்தவர் முனிரத்தினம். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். முடி உதிர்வதற்காகத் தோலை ஊறவைக்கும் குழி அது. நகங்கள் அரித்துப் போயிருந்தன. அங்கே சூப்பர்வைசரை அறைந்துவிட்டு வெளியே வந்து, ஐந்தாறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வெள்ளையடிக்கப் போய்க்கொண்டிருந்தார். "தோலுக்குப் போட்டா ஒரு சுண்ணாம்பு, செவுத்துக்குப் போட்டா ஒரு சுண்ணாம்பா? என்னிய மாதிரி அடிக்கிறவன் வேலூர் வரிக்கும் கெடையாது" என்று அவரே சொல்லிக்கொள்வார். பொய்யில்லை.

எங்களுக்குக் கிடைத்த முதல் வீடு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தாவின் வீடு. எஸ்டிமேட்டை நான்தான் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உள்ள யாரு வருவாங்க?" என்று கேட்டார்.

"நாலு பேர் சார்."

"எத்தினி பேருன்னு கேட்டனா? யாருன்னு கேட்டேன்."

"முனிரத்தினம் மேஸ்திரியோட ஆளுங்க. நல்ல வேலைக்காரங்க."

அவர் சிரித்தார். "நல்லா அடிப்பாங்கம்மா, இல்லேன்னு யாரு சொன்னா? வெளிச் செவுரு அடிக்கட்டும். உள்ளுக்கு வேற ஆளு பாரு."

திரும்பி வரும்போது பாலாற்றுப் பாலத்தில் அப்பா நின்றார். பிறகு, "சுவரையே பிரிச்சு விட்டுடலாம்" என்றார். ரங்கூனில் மரம், சுவர், தகரம் என்று பிரித்தவர், இங்கே வெளி, உள் என்று பிரித்தார். உள்சுவருக்கு ஆற்காட்டிலிருந்து கோவிந்தன் மேஸ்திரி வந்தார். எந்த வீட்டுச் சமையலறைக்குள்ளும் போகக்கூடியவர். நெற்றியில் திருநீறு காய்வதற்குள் இன்னொரு பூச்சு பூசுவார். முனிரத்தினம் கேட்டதும் காறித் துப்பினார். "வெயிலு எனக்கு, ஃபேனு அவனுக்கா? ஏன் காண்ட்ராக்டரே, நான் உள்ள போனா உன் செவுரு கத்துமா?" அப்பா, "வேலை ஜாஸ்தி வரும் முனிரத்தினம்" என்றார். வேலை ஜாஸ்தி வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் என்று வீடுகள் சேர்ந்தன. வெளிக்கு மூன்று கோஷ்டி, உள்ளுக்கு இரண்டு. வீட்டுக்காரர்கள் அப்பாவிடம் "எந்த ஊரு?" என்று கேட்டால், "ரங்கூன்" என்பார். கூடவே நான் இங்கிலீஷில் எஸ்டிமேட்டை நீட்டுவேன். இரண்டாம் முறை கேட்க அவர்களுக்கு நா எழாது.

பிறகு குடியாத்தத்தில் அந்த மாளிகை வந்தது. லுங்கித் தறிகள் வைத்திருந்த முதலாளி ஒருவர் மாடி வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்தார். அவருடைய லுங்கிகள் ஒரு காலத்தில் கப்பலில் ரங்கூனுக்குப் போனவை. "உங்க சரக்கைத்தான் எங்க தெருவே கட்டுச்சு" என்று நான் சொன்னதும் மனிதர் குளிர்ந்துபோனார். "வாங்க காண்ட்ராக்டர், உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். வீடு முழுக்க எங்களுக்கு. அது நன்றாக அமைந்தால் தறிக் கொட்டகைகளும், அவர் உறவினர் வீடுகளும். அதற்குப் பிறகு அப்பா எந்த ஏணியையும் நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

உள்சுவருக்கு வண்ணம் கலக்கும்போது வஜ்ஜிரம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சாய்ந்தவன் முதுகில் வண்ணம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தோல் ஷாப்பில் சீவிக் கழித்த துண்டுகளைக் காய்ச்சினால் வருவது வஜ்ஜிரம். எங்களுக்குக் காய்ச்சிக் கொடுத்தவர் முனிரத்தினம். வாசலுக்கு வெளியே கொப்பரையை இறக்கி வைத்துவிட்டு, கோவிந்தனைப் பார்த்துக் கண்ணடிப்பார். "நான் உள்ள போகலேன்னா இன்னா மேஸ்திரி, நான் காய்ச்சுனது பூஜ ரூம் வரிக்கும் போய்ட்டு வருது. என்னிய விட்டுட்டு அத்த விசாரிச்சுக்கோ." கோவிந்தன், "சும்மா இருய்யா, பேஜார் பண்ணாத" என்று உள்ளே ஓடுவார். ஆட்கள் சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிக்கமாட்டார்.

வேலை பாதி முடிந்திருந்த ஒரு காலையில் ஒரு பெரியவர் வந்தார். நரைத்த தலை, அழுக்கு வேட்டி. செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிக் கையில் பிடித்திருந்தார். கேட்டுக்கு வெளியே நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முதலாளி முற்றத்தில் நாற்காலியில் இருந்தார். அப்பாவும் நானும் அளவு பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாவைப் பார்த்ததும் வந்தவர் நிற்கும் விதமே மாறியது. நான் அதுவரை கேட்டிராத பெயரில் அப்பாவைக் கூப்பிட்டார்.

"டேய் மாரி! மாரி! நான்டா, கன்னியப்பன். உங்கண்ணன்டா. ரங்கூன் கப்பல்ல வந்துட்டன்னு சொன்னாங்க, ஆம்பூர் போனேன், வீட்ல உம் பொஞ்சாதிதான் வழி சொல்லிச்சு. நீ போனப்ப மீசகூட மொளக்கலியேடா."

முதலாளி கேட்டார்: "யாரு இது, காண்ட்ராக்டர்?"

அப்பாவின் கையில் இருந்த அளவு நாடா தானாகவே சுருண்டு உள்ளே போயிற்று. "தெரியலீங்க. ஆள் மாறி வந்துட்டார் போல" என்றார்.

கன்னியப்பன் நாற்காலியைப் பார்த்தார், அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "ஆமா சாமி. ஆளு மாறிப் போச்சு. நம்ம ஆளு இவ்ளோ பெரியவரு இல்ல."

"எந்த ஊருப்பா நீ?"

"அணைக்கட்டுப் பக்கம் சாமி."

"அணைக்கட்டுல எங்க?"

"வெளில சாமி" என்றார். ஊருக்கு வெளியே. துண்டைக் கக்கத்திலிருந்து எடுக்காமலேயே திரும்பி நடந்தார். குழாயடிக் கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று சாயங்காலம், "உங்கண்ணன் வந்தாரே, பாத்தீங்களா?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். அப்பா இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் முற்றத்தில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. "வாப்பா" என்றார் முதலாளி. நேற்று வரை "வாங்க". "நான் ஒண்ணும் நெனைக்கல. ஆனா வீட்ல பெரியவங்க இருக்காங்க பாரு. காண்ட்ராக்ட கோவிந்தன் பேருல மாத்தியாச்சு. உன்ன நான் கைவிடல. வெளிச் செவுர அவன்கிட்டேர்ந்து நீ உள்காண்ட்ராக்ட் எடுத்துக்கோ. நீயே கண்டுபுடிச்ச ஏற்பாடுதானே?"

கோவிந்தன் மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கும்பிட்டார். எனக்குத் தாங்கவில்லை. "உங்க பூஜை ரூம் சுவர்ல வண்ணம் நிக்கறது மாட்டுத்தோல் காய்ச்சின வஜ்ஜிரத்தால. காய்ச்சினவர் முனிரத்தினம். அது தெரியுமா உங்களுக்கு?" என்றேன். அவர் முகம் வெளிறும், எழுந்து கத்துவார் என்று காத்திருந்தேன்.

"தெரியும்மா" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. "நான் பொறந்து வளந்தது இந்தப் பக்கம். தோலு உள்ள வரட்டும், போவட்டும். தோலத் தேடிக்கினு சொந்தக்காரன் வரமாட்டான்."

சேதி எங்களுக்கு முன்னால் ஆம்பூர் போய்ச் சேர்ந்தது. பேசி முடித்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஒருவரும் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கோஷ்டிகள் கோவிந்தனிடம் போயின. குடியாத்தத்து வெளிச்சுவர் ஒன்றுதான் மிஞ்சியது. அப்பா சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்தார். முனிரத்தினம் சிரிப்பார் என்று நினைத்தேன். முதலில் சிரிக்கத்தான் செய்தார். "வா காண்ட்ராக்டரே! வெயிலு இந்தப் பக்கந்தான்." பிறகு குரல் மாறியது. "அவன் என்னிய வெளிய நிறுத்துனான், சரி, அவன் யாரோ. நீயும் நிறுத்துனியே. தெரிஞ்சே நிறுத்துனியேய்யா." அப்பா வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆள் கம்மி என்று முனிரத்தினம் அணைக்கட்டுக்கே போய் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அது அவருடைய குரூரமா, கருணையா, எனக்குத் தெரியாது. "வெளிச் செவுத்துக்கு வெளியாளுதானே வேணும்?" என்றார். நான் எழுந்து "பெரியப்பா" என்றேன். கன்னியப்பன் கைகூப்பினார். "கூலிக்கு வந்தேம்மா. யாரையும் பாக்க வர்ல."

எழுத எஸ்டிமேட் இல்லாததால் நான் இப்போது சுண்ணாம்பு சுமக்கிறேன். மாடி உயரத்துக்கு ஏணி எட்டாது. மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டு கயிறு விட்டு, நீளப் பலகை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு முனையில் அப்பா, மறு முனையில் பெரியப்பா. வேலை கீழே இறங்க இறங்க அவரவர் கயிற்றை அவரவரே தளர்த்த வேண்டும், ஒரே நேரத்தில், ஒரே அளவு. பிசகினால் இருவரும் கீழே. இருவருக்கும் பேச்சு இல்லை. அப்பா தனக்குள் எண்ணுவது போல பர்மிய மொழியில் எண்ணுகிறார்: தித், நித், தோங். அந்த மொழியில் ஒரு சொல்லும் அறியாத பெரியப்பா, அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துத் தன் கயிற்றை விடுகிறார். பலகை நேராக இறங்குகிறது. பிறகு இரண்டு முனையிலிருந்தும் இரண்டு காலி வாளிகள் கயிற்றில் என்னை நோக்கி வருகின்றன. நான் எதை முதலில் நிரப்பி அனுப்பினாலும் பலகை அந்தப் பக்கம் சாய்கிறது.