கடுகு வெடித்த வீடுகள்

என் முகத்தை வைத்து எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. சின்ன வயதில் அம்மை போட்டு, இரண்டு கன்னத்திலும் மூக்கு நுனியிலும் குழி குழியாகத் தழும்பு விழுந்தவன் நான். பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப்பட்ட முகத்தைப் பார்த்து, எங்கள் கோட்டைக்குப்பத்துப் பெரியதனக்காரர் ஒரு நாள் காலையில், "இன்னா அம்சமான மூஞ்சிப்பா உனக்கு!" என்றார். அவர் ஒருவனைப் புகழ்ந்தால் ஏதோ வேலை வைக்கப்போகிறார் என்று அர்த்தம்.

வேலை இதுதான். குப்பத்தில் அம்மை கண்டிருந்தது. ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வராது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும், படுத்திருப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதும் தழும்புக்காரர்கள் செய்ய வேண்டிய காரியம். அது மட்டுமில்லை. ஒல்லாந்து தேசத்திலிருந்து கப்பலில் வந்த உலாந்தாக்காரர் கோட்டையின் சமையற்கட்டுக்கு நாள்தோறும் மீன் கொண்டுபோகிறவன் நான். அவர்கள் பேச்சில் எனக்கு முப்பது சொல் தெரியும். அதில் பாதி திட்டு. கோட்டையிடம் எதையாவது கேட்டு வாங்குவதென்றால் என் வாய்தான் வேண்டும். முகமும் வாயும் ஒரே ஆளிடம் இருந்ததால் ஊர் என்னை விடவில்லை. இன்னும் நாலு தழும்புக்காரர்களை என்னோடு சேர்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் எங்களுக்குப் புள்ளிப்படை என்று பேரும் வைத்தாயிற்று.

பதவி வந்ததும் நான் சட்டம் போட்டேன். தெரு நடுவில் நின்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். "ஆத்தா வந்த வூட்டு வாசல்ல வேப்பிலை கட்டணும்! தழும்பு இல்லாதவங்க அந்த வூட்ட வுட்டு வெளிய வந்துடணும்! பதினஞ்சு நாளு தனியா இருக்கணும்! தழும்பு இருக்கறவன் மட்டும்தான் உள்ள!" முதல் சட்டம் ஊரில் எப்போதும் உள்ளது. மற்றவை என் சொந்தச் சரக்கு. எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

மறுநாள் தெருவைச் சுற்றி வந்தேன். ஒரு வாசலிலும் ஓர் இலைகூட இல்லை.

காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம். அடித்துக்கொள்ளாமல் இருக்க, அவற்றைத் தலைக்கட்டுக்கு ஒரு நாள் என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பேர். இன்று உன் பாடு, நாளை என் பாடு. வேப்பிலை கட்டிய வீட்டுக்காரன் வலையைத் தொடக் கூடாது என்பது வழக்கம். அவன் பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மறுபடி அவன் முறை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவோ இறால் துள்ளுகிற பங்குனி. ஆகவே அம்மை ஊரில் இருந்தது, எந்த வீட்டிலும் இல்லை.

இல்லை என்பதை நிரூபிக்க எங்கள் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆத்தா வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, மீன் பொரிக்கக் கூடாது. அப்படியானால் தாளிக்கிற வீட்டில் ஆத்தா இல்லை. கதவை விரியத் திறந்துவைத்து, சட்டியில் எண்ணெயைக் காயவிட்டு, கடுகைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டார்கள். தெருவின் இந்த முனையில் ஒரு வீட்டில் வெடித்தால் அந்த முனையில் இரண்டு வீடு பதில் சொன்னது. குப்பம் அவ்வளவு மணமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு நாள் நாக்கில் எச்சில் ஊறச் சுற்றிவிட்டு, "ஊரு நல்லா கீது நைனா" என்று பெரியதனக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவ்வளவு கெட்டிக்காரன்!

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. எங்கள் தெருவில் ஒரு கருமி வீடு உண்டு. ஒரு சொட்டு எண்ணெயை வைத்து ஒரு வாரம் ஓட்டுகிறவர்கள். அந்த வீட்டில் காலையிலிருந்து மூன்று முறை கடுகு வெடித்துவிட்டது. சட்டென்று உள்ளே நுழைந்தேன். அடுப்புக்குப் பின்னால் பாயில் வீட்டுக்காரன் படுத்திருந்தான். முகம் முழுக்க முத்து.

"இன்னா இது?" என்றேன் அவன் பெண்டாட்டியிடம்.

"வேர்க்குரு."

"வேர்க்குரு இத்தினி பெருசாவா வரும்?"

"அவுரு பெரிய ஆளு இல்ல? அவுருக்குப் பெருசாத்தான் வரும்."

அதற்கப்புறம் எங்கள் வேலை சுலபமாகிவிட்டது. எங்கே கடுகு பலமாக வெடிக்கிறதோ அங்கே புள்ளிப்படை நுழைந்தது. உச்சிவேளைக்குள் ஒன்பது வீடு அகப்பட்டது.

ஆனால் இப்படி எத்தனை நாள் மோப்பம் பிடித்துக்கொண்டு அலைவது? பஞ்சாயத்தைக் கூட்டச் சொல்லிச் சண்டை போட்டேன். படுத்தவன் பாட்டைப் பறித்தால் ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான், அவன் முறை நாளில் பக்கத்து வீட்டார் வலை போட்டு அந்த இறாலை அவன் கணக்கில் வையுங்கள் என்றேன். "ஆத்தா வூட்டுக்குள்ள எறா போவலாமா?" என்று பெரியதனக்காரர் கேட்டார். அதற்கும் வழி வைத்திருந்தேன். இறால் கோட்டைக்குப் போகட்டும், கோட்டையிலிருந்து அரிசி வரட்டும். பஞ்சாயத்து ஒப்புக்கொண்டது.

கோட்டையில் அப்போது பெரிய கூத்து. அவர்களுக்கு மீன் வேண்டும், மீன்காரன் வேண்டாம். வாசலை அடைத்துவிட்டு, மதிலிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்குவார்கள். மீனைப் போட்டுவிட்டு நான் இருபது அடி தள்ளிப்போக வேண்டும். கூடை மேலே போனதும் தலைமைச் சமையற்காரன் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அதன் மேல் புளித்த காடியை ஊற்றுவான். நல்ல மீனை அவன் பாழ் பண்ணுவதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். அன்று மதிலடியில் நின்று முப்பது சொல்லையும் தீர்த்தேன். அரிசி கேட்டேன், கஷ்டத்தைச் சொன்னேன், கைகால் ஆட்டிக் கூரை வேண்டும் என்று காட்டினேன். நடுவில் திட்டுகளும் கலந்துவிட்டன போலிருக்கிறது. மேலே நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எப்படியோ, அரிசி மூட்டைகளும் கிழிந்த கப்பல் பாய்கள் இரண்டும் கீழே வந்தன. பாய்களை மணல்மேட்டில் கட்டி, வீட்டை விட்டு வெளியே வந்தவர்களுக்குக் கூடாரமாக்கினோம்.

பாடு போகாது, அரிசியும் வரும் என்று தெரிந்ததும் ஊர் ஒரே இரவில் மாறிப்போயிற்று. மறுநாள் எல்லா வாசலிலும் வேப்பிலை! குப்பத்து வேப்பமரங்கள் மொட்டை. பக்கத்து ஊரான காட்டூர்க்காரர்கள் ஒரு வண்டி வேப்பிலையைக் கழனி ஓரத்தில் கொட்டிவிட்டு, தூரத்திலிருந்தே கூவிச் சொல்லிவிட்டு ஓடினார்கள். ஒருவன் அரிசி மாவைக் குழைத்துக் கடலைப்பருப்பை முகமெல்லாம் ஒட்டிக்கொண்டு முனகினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெயில் ஏறுகிற வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்வையில் ஒரு பருப்பு வழுக்கி உதட்டுக்கு வந்தது. அதை நாக்கால் இழுத்து மென்றுவிட்டான்.

"ஆத்தா ருசியா கீறாளா?" என்றேன். எழுந்து ஏரிப்பக்கம் ஓடியவன் அன்று முழுக்கத் திரும்பவில்லை.

சிரிப்பு இல்லாத வேலையும் இருந்தது. தழும்பில்லாத தாய்களை வெளியே அனுப்புவது. ஐந்து பேரை அனுப்பினேன். ஐந்து பேரும் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "பெத்தவ இல்லாம கொயந்த எப்டிய்யா தூங்கும்?" என்று கேட்டார்கள். "நீயும் படுத்துட்டா அதுக்கு யாரு?" என்று என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஐந்து முறையும் குரல் நடுங்காமல் சொன்னேன்.

அந்த நாட்களில் நான் கூடாரங்களுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வேன். உச்சிவேளையில் சோற்றுக்கு மட்டும் வீட்டுக்கு வருவேன். என் பெண்டாட்டிக்கு அம்மை வந்ததே இல்லை. துலக்கி வைத்த வெண்கலத் தட்டு மாதிரி முகம். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள். ஊருக்கு உழைக்கிற புருஷன் என்றோ என்னவோ, பெண்டாட்டி எனக்கு மடவை மீன் பொரித்துப் போட்டாள், ரசத்துக்குக் கடுகு தாளித்துக் கொட்டினாள். இரண்டு நாள் ஒரு பிடி பிடித்தேன். மூன்றாம் நாள் இரண்டாவது தடவை சோறு போடச் சொல்லிவிட்டு, "பொண்ணு எங்கமே?" என்றேன்.

"சித்தி வூட்ல வெளையாடுது."

நெல் குதிருக்குப் பின்னாலிருந்து, "அம்மா, தண்ணி" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

கையில் பிசைந்த சோற்றோடு போய்ப் பார்த்தேன். நெற்றியிலும் கழுத்திலும் முத்து முத்தாக எழும்பியிருந்தது. ஊர் முழுக்கக் கடுகை மோப்பம் பிடித்தவன், என் வீட்டுக் கடுகைச் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேலா என் மேலா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"எத்தினி நாளா?"

"மூணு நாளா."

"ஏன்மே சொல்லல?"

"சொன்னா என்ன வெளிய போன்னுவ." மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஊருக்குப் போட்ட சட்டத்த ஊர்ல வெச்சுக்கோ. நான் இல்லாம இது எப்டிய்யா தூங்கும்?"

அந்தத் தயார்ப் பதில் என் வாயில் வரவில்லை. "ரெண்டு பேரும் போயிட்டா நான் யாரு கூடமே இருப்பேன்?" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகிறேன் என்று தெரிந்தது. அவள் மகளின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். வாசலில் வேப்பிலையை நான் கட்டினேன்.

மணல்மேட்டுக் கூடாரத்துக்கு அவள் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், ஒரு காலி வலைக் கொட்டகை இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு என்னை மேய்க்க ஆரம்பித்தாள். எப்படிக் கஞ்சி காய்ச்சுவது, எந்தப் பக்கம் விசிறுவது, எல்லாம் அங்கிருந்தே கூச்சல். மகள் உள்ளேயிருந்து கோள் சொல்லுவாள்: "அம்மா, நைனா கஞ்சிய கருக்கிடுச்சி!" உடனே எதிரிலிருந்து, "வாட இங்க வரிக்கும் வருது!" என்று பதில் வரும். சுவரில் கீற்று விலகிய இடத்தில் மகள் கையை வெளியே நீட்டுவாள். எதிரிலிருந்து அம்மாக்காரி கையை ஆட்டுவாள். தெருவே இவர்களை வேடிக்கை பார்த்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் அந்த மூன்று நாளும் குழந்தையோடு ஒட்டிக் கிடந்தவள் அவள். பதினைந்து நாள் தாண்ட வேண்டும். தினம் கண் விழித்ததும் சந்துக்கு இந்தப் பக்கம் நின்று, "ஒடம்பு சுடுதா?" என்பேன்.

"உன் நச்சரிப்புலதான் சுடுது," என்பாள்.

பன்னிரண்டாம் நாள். மகளுக்கு முத்தெல்லாம் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது. காலையில் நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் எழுந்து சந்துக்கு இந்தப் பக்கம் வந்தாள். கையில் ஒரு கொத்து வேப்பிலை.

"அங்கயே நில்லு! இன்னும் மூணு நாளு கீது," என்று கத்தினேன்.

"இனிமே நாளு இன்னா கணக்கு? தொட்டுப் பாரு."

தொட்டேன். கை கொதித்தது. கண் இரண்டும் சிவந்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "இப்ப உள்ள போலாம் இல்ல? உன் சட்டப்படிதான் வர்றேன்," என்றாள். நான் வழியை விட்டேன்.

மகள் பாயில் நகர்ந்து இடம் கொடுத்தாள். "இங்க படும்மா. நான் ஒன்ன பாத்துக்கறேன். நைனா, நீ போயி ஊர பாரு," என்றாள். ஊரைப் பார்க்கப் போனேன். முதல் வீட்டு வாசல் வரைக்கும்தான் போனேன். கஞ்சிப் பானையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எழுந்து நடமாடப் பதினெட்டு நாள் ஆயிற்று. நடுவில் மூன்று நாள் ஆளே அடையாளம் தெரியவில்லை. மகள் இறகு முனையில் நீர் தொட்டு உதட்டில் விட்டுக்கொண்டே இருந்தாள். என் பெண்டாட்டி பிழைத்தாள். ஆறேழு வருஷம் கழித்துக் குப்பத்தில் மறுபடி அம்மை வந்தது. பெரியதனக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் கிளம்புவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். முதல் வீட்டில் கைக்குழந்தைக்கு அம்மை. தழும்பில்லாத அதன் தாய், ஒரு சின்னப்பெண், வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பெண்டாட்டி சட்டம் எதுவும் சொல்லவில்லை. நேராக உள்ளே போய், பாயில் உட்கார்ந்து, குழந்தையைத் தூக்கித் தன் மடியில் கிடத்திக்கொண்டாள்.

"நான் இங்கயே இருப்பேன். நீ போயி எதிர்ல ஒக்காரு, ஒன் கொரலு இதுக்குக் கேக்கணும்," என்றாள்.

அந்தப் பெண் வாசற்காலை விட்டாள். நான் ஐந்து தாய்களை வெளியே அனுப்பியவன். அதில் ஒருத்தியிடமும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.