சங்கு ஊதிய கடிதம்

இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில், இலங்கை மலையகத்துப் பதுளையில் ஒரு சிறிய கம்பெனியில் நெட்வேர்க் டெக்னீஷியனாக இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலைகளில் உள்ள கருவிகளைக் கம்பியால் இணைத்து, அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும்படி மென்பொருள் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. எந்த நாட்டில் செய்த கருவியானாலும் ஒரே முறையில்தான் பேச வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவான விதிகள் இருந்தன. அவற்றை நான் முழுமனதாக நம்பினேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, எல்லாருக்கும் ஒரே விதி என்று ஒன்று எழுத்தில் இருப்பதே பெரிய விஷயமாகப் பட்டது.

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஒருமுறை மூன்று சாமான்களை இணைத்தேன். கொழுந்து காயவைக்கும் அறையின் சூட்டைச் சொல்லும் கருவி, தொழிற்சாலைச் சங்கை நேரத்துக்கு ஊதவைக்கும் சின்னப் பெட்டி, கீழே ஆபீசில் இருந்த பிரிண்டர். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக வேலை செய்தன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. பத்து மணிக்கு ஊதும் வழக்கமே கிடையாது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஊதியது. நான் காயவைக்கும் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது, மலையிலிருந்து பெண்கள் கூடையோடு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை ஜீப்பில் வந்து சேர்ந்தார். சிங்களவர்; தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"யாரு சங்கு ஊதினது?"

யாரும் ஊதவில்லை. பெண்களை வேலை வாங்கும் கங்காணி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யாரு ஊதினாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க தொரை. சங்கு ஊதிச்சு, எறங்கிட்டோம். ஊதினா எறங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

துரை பெண்களை மறுபடி மலைக்கு ஏறச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். 'என் அனுமதி இல்லாமல் ஊதும் சங்குக்கு யாரும் கீழ்ப்படியக் கூடாது' என்று மூன்று மொழியிலும் ஒரு கட்டளைக் கடிதம் தயாரிக்கச் சொன்னார். பெரிய கிளாக்கர் உட்கார்ந்து மூன்று பக்கம் அடித்து முடித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. பிரிண்டருக்கு அனுப்பும் பொத்தானை அமுக்கினார்.

சங்கு ஊதியது. காலையில் ஊதியதைவிட மூன்று மடங்கு நேரம் ஊதியது. பாதி மலை ஏறியிருந்த பெண்கள் அப்படியே திரும்பினார்கள்.

துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது பெரிய கிளாக்கர்தான் முதலில் முறையிட்டார்.

"பிள்ளை, உம்மட மிஷினிலை ஒரு கடிதமும் வருகுதில்லை. காலமை ரெண்டு தரம் அமத்தினனான், இப்பவும் அமத்தினனான். உந்தச் சங்கும் ஓயுதில்லை. இந்தச் சத்தத்துக்குள்ளை மனுசன் என்னெண்டு வேலை செய்யிறது?"

"ஐயா, இன்னொரு தடவை அமுக்குங்க" என்றேன்.

அமுக்கினார். சங்கு ஊதியது.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள, "இன்னும் ஒரே ஒரு தடவைங்க" என்றேன். மறுபடி ஊதியது. வெளியே பெண்கள் சிரிப்பது கேட்டது.

நெட்வேர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் உண்டு. பிரிண்டரும் சங்குப் பெட்டியும் செய்த இடத்திலேயே ஒரே எண்ணோடு வந்திருந்தன. இரண்டில் முந்திக்கொண்டது சங்குப் பெட்டி. அதைச் செய்தவர்கள் விதியில் பாதியைத்தான் பின்பற்றியிருந்தார்கள். உள்ளே என்ன வந்தாலும், வந்து முடியும்வரை ஊதும். எண்களைச் சரிபார்க்க வேண்டியவள் நான்.

துரையிடம் அப்படியே சொன்னேன்.

"அப்போ ஊதினது என்னோட கடிதமா?"

"ஆமாங்க சேர்."

"மூணு மொழியிலயுமா?"

"ஆமாங்க."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "சரியாக்கு" என்றார், அவ்வளவுதான்.

பிரிண்டரின் எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. பெரிய கிளாக்கர் பொத்தானைத் தொட மறுத்துவிட்டதால் நானே அமுக்கினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். சங்கு பேசாமல் இருந்தது. பிரிண்டரிலிருந்து கட்டளைக் கடிதம் மூன்று மொழியிலும் அழகாக வெளியே வந்தது. அதை வாசிக்க மலையில் ஒருவரும் இல்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

பசறைக்குப் பஸ் பிடிக்க இறங்கியபோது, பீலியில் கொட்டும் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏன் தங்கச்சி, அதுக்குள்ள சரியாக்கிட்டியாமே? இன்னும் ரெண்டு நாளு பாத்து மெதுவா செஞ்சிருக்கலாம்ல?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அப்போதுதான் மூச்சு விட்டது போல இருந்தது.

அடுத்த வருடம் வேறொரு வேலையாக அந்த ஆபீசுக்குப் போனேன். பிரிண்டருக்கு மேலே துரை கையெழுத்திட்ட அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது: மாலைச் சங்கு ஊதிய பிறகே கடிதம் அடிக்க வேண்டும். இரண்டுக்கும் இப்போது சம்பந்தமே இல்லை என்று பெரிய கிளாக்கருக்கு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"விளங்குது பிள்ளை. ஆனா அறிவித்தல் அறிவித்தல்தானே" என்று சொல்லிவிட்டு, கடிதங்களை முன்னால் அடுக்கி வைத்துக்கொண்டு மணியைப் பார்த்தார்.