பூட்ஸ் ரப்பரில் ஒரு சவரக் கத்திப் பிடி

புனேயில் எங்கள் வீட்டில் குக்கருக்குக் கைப்பிடி தங்காது. லேசாக விரிசல் கண்டால் போதும், என் கணவர் சூர்யநாராயணன் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கசார்வாடிக்குப் போய்விடுவார். அங்கே ஒரு வெல்டிங் கடைக்குப் பின்னால், பத்துக்குப் பத்தில் அவருடைய பட்டறை. சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனியில், நுணுக்கமாக அளந்து கருவிகள் செய்யும் டூல் ரூமில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர், இப்போது சவரக் கத்திகளுக்குப் பிடி செய்கிறார். பழைய சலூன்களில் தோல் வாரில் தீட்டுவார்களே, அந்த மடக்குக் கத்திதான். இன்றைக்கும் அதில்தான் சவரம் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பிடி உடைந்த கத்தியை அவர்கள் கூரியரில் அனுப்புவார்கள், இவர் புதுப் பிடி போட்டுக் கொடுப்பார். மரம், கொம்பு என்று எதையும் காசு கொடுத்து வாங்கமாட்டார். குக்கர் கைப்பிடி, உடைந்த ஸ்கேட்போர்டு, கிழிந்த ஜீன்ஸை அடுக்கிப் பசை ஊற்றி இறுக்கிய பலகை, என் வங்கியில் கழித்துப்போட்ட பித்தளை டோக்கன் என்று எது கிடைத்தாலும் சரி.

ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். பிடி போட்ட கத்தியைத் தன் முகத்தில் சவரம் செய்து பார்க்காமல் வெளியே அனுப்பமாட்டார். மூன்று கத்தி முடிந்தால் ஒரே நாளில் மூன்று சவரம். முகம் எரிகிறது என்று புலம்பிக்கொண்டு தயிரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நன்றாக வேண்டும் என்று நான் சிரிப்பேன்.

போன மழைக்காலத்தில் வானவடியிலிருந்து ஆண்டனி என்பவர் மகளோடு பட்டறைக்கு வந்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், தூத்துக்குடிக்காரர், எழுபது தாண்டியிருக்கும். வலது கை நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் சாப்பாடு கொண்டுபோயிருந்ததால் அவர் பேசியதை முழுக்கக் கேட்டேன்.

"அம்பது வருசமா என் மூஞ்சிய நானே சவரம் பண்ணிட்டு வாரேன் சார். இப்பம் சோறு திங்க ஸ்பூனு குடுத்துட்டா. சட்டைக்குப் பட்டன் இவதான் போட்டு விடுதா. பாக்கி இருக்கது இது ஒண்ணுதான். அதையும் ஒளிச்சு வச்சிட்டா."

மகள் மெர்சி புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். "அங்கிள், ரெண்டு தடவ கட் ஆச்சு. ரொம்ப ப்ளட். புதுப் பிடி போட்டு, நீங்க டெஸ்ட் பண்ணி, சேஃப்னு சொன்னா குடுத்துடறேன். நஹீ தோ நஹீ, இல்லேன்னா கிடையாது," என்றாள்.

இவர் ஒப்புக்கொண்டார். டூல் ரூம் புத்தி எங்கே போகும்? ஜீன்ஸ் பலகையில் ஒரு பிடி செய்து, மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிவிட்டார். ஆண்டனி அதைச் சோப்புக் கையால் எடுத்ததும் வழுக்கிக்கொண்டு வாஷ்பேசினில் விழுந்தது. கூருக்கு டேப் சுற்றியிருந்ததால் பிழைத்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நடுங்குகிற கைக்கு வழவழவென்று ஒன்றைச் செய்துகொடுக்க முப்பத்தொரு வருஷ அனுபவம் வேறு.

ஆண்டனி கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் தன் பழைய ராணுவ பூட்ஸைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "மழையிலயும் சேத்துலயும் வழுக்காம என்னைய நிறுத்தினது இதுதான். இதுல பண்ணுங்க," என்றார். இவர் அடிப்பாகத்து ரப்பரை வரிகள் கெடாமல் அறுத்து, கனத்துக்காக உள்ளே பித்தளை டோக்கனைத் தட்டி வைத்துப் பிடி செய்தார். கனம் கூடினால் நடுக்கம் கொஞ்சம் அடங்கும் என்பது அவர் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இவர் குளியலறையிலிருந்து ஒரு கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு வந்தார். மறு கன்னத்தில் மூன்று நாள் நரைமுடி அப்படியே இருந்தது.

"ஏன்னா, மீதிய யார் பண்ணுவா?"

"வண்டில ஏறு ராஜி, சொல்றேன்," என்றார். வானவடிக்கு வண்டியை விட்டார். சிக்னலுக்குச் சிக்னல் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு மானம் போயிற்று.

ஆண்டனி வீட்டு பால்கனியில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். "சோதிச்சுப் பாத்தாச்சா சார்?" என்று ஆவலோடு கேட்டார் ஆண்டனி.

"என் கையில நன்னா நிக்கறது. அதுல என்ன இருக்கு? உங்க கையில பாக்கணுமே." இவர் மழிக்காத கன்னத்தில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்குப் பண்ணிவிடுங்கோ. சரியா வந்தா மெர்சிகிட்ட நானே சொல்லிடறேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். இவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

ஆண்டனி கத்தியை விரித்தார். ரப்பர் கையைக் கவ்விக்கொண்டது, இம்மியும் வழுக்கவில்லை. நடுக்கமும் முன்னைக்குக் குறைந்துதான் இருந்தது. ஆனால் போகவில்லை. காதுக்குக் கீழே ஒரு விரல் தூரம் வரை கொண்டுபோய் நிறுத்தினார். பின்வாங்கினார். மறுபடி கொண்டுபோனார். நெற்றி வேர்த்தது. மூன்றாம் முறை கத்தியை மடக்கிவிட்டார்.

"பிடி அருமையா இருக்கு சார். என் மூஞ்சின்னா வெட்டுப்பட்டாலும் பரவாயில்லன்னு பண்ணிருவேன். உங்க மூஞ்சில வைக்க மனசு வரல. அப்பம் இந்தக் கை சரிப்படாதுன்னு எனக்கே தெரியுதுல்லா?"

"பப்பா..." என்று ஆரம்பித்தாள் மெர்சி.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நான்தான் சொல்லுதேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் எழுந்துகொண்டார். அந்த நாற்காலியில் ஆண்டனி உட்கார்ந்து, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தானே முகம் முழுக்கச் சோப்புப் போட்டார். கோணல்மாணலாக, ஆனால் அவசரமில்லாமல் போட்டார். பிறகு கத்தியை இவரிடம் நீட்டினார்.

இவர் ஜென்மத்தில் இன்னொருவர் முகத்தில் கத்தி வைத்தது கிடையாது. தன் கன்னத்துச் சோப்பு காய்ந்துகொண்டிருப்பதைக்கூட மறந்து, மெதுவாகக் குனிந்து கத்தியை வைத்தார்.

"சார், உங்க கை நடுங்குது," என்றார் ஆண்டனி.

"தெரியறது. பேசாம இருங்கோ."